மாப்பிள்ளைக்கு வலிக்குமா?

யார் எதைச் சொன்னாலும் ஆமாம்பட்டிக்காரர்கள் நம்பிவிடுவார்கள். நம்புவதோடு நின்றால் பரவாயில்லை, சொன்னதைச் சொன்னபடியே செய்தும் விடுவார்கள். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்துவந்த உடையப்பனின் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று இழுபறியானது இதனால்தான்.

பெண் வேறு யாருமில்லை, அவனுடைய அத்தை மகள் வெள்ளத்தாயி. சின்ன வயதிலிருந்தே அவளை நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்ததை அவளிடம் சொன்னதில்லை. கல்யாணம்தான் ஆகப்போகிறதே, பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள், பஸ் மாறி ஏறிய ஒரு பேச்சாளர் ஆமாம்பட்டியில் வந்து இறங்கினார். வேறெங்கோ பேச வேண்டியவர். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, தொண்டையில் பேச்சும் இருந்தது. பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களையே கூட்டமாக நிறுத்திப் பேசினார்.

"எதற்கு வலி தெரிகிறதோ, அதற்கு மரியாதை உண்டு. அதை இம்சிக்க நமக்கு உரிமை கிடையாது!"

வெள்ளத்தாயியின் அப்பா நல்லுக்கண்ணு முன்னால் வந்தார். ஊரில் பெரிய மனிதர். சந்தேகம் கேட்கிற வேலையை ஊர் அவரிடம்தான் விட்டிருந்தது.

"வலி தெரியுதுன்னு நாம எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

"தொட்டால் சுருங்கும். கூப்பிட்டால் திரும்பும். அடித்தால் கத்தும். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள எல்லாவற்றையும் தொட்டு, கூப்பிட்டு, அடித்துப் பார்த்தாகிவிட்டது. நல்லுக்கண்ணுவின் குடை தொட்டதும் சுருங்கியது. மழை தூறியபோது அது நனையக்கூடாதென்று அவர் அதைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு தான் நனைந்தார். கல்யாண வீட்டுக் கதவு தள்ளினால் கத்தியது. அதனால் எல்லோரும் சுவர் ஏறிக் குதித்தார்கள். மேஜை விசிறி கூப்பிடாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தது. மரியாதை தெரிந்த விசிறி என்று அதற்கு ஒரு டம்ளர் காபி வைத்தார்கள்.

தவில்காரர் பக்கிரியின் தவிலை ஒரு தட்டுத் தட்டினார்கள். தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி கத்தியது.

"இத்தனை வருஷமா இதைப் போட்டு அடிச்சிருக்கேனே, நான் மனுஷனா?" என்று பக்கிரி அழுதார்.

"நாளைக்கு இதை யாரும் அடிக்கக் கூடாது," என்றார் நல்லுக்கண்ணு.

கடைசியாக, அந்தப் பக்கமாக வந்த உடையப்பனையும் சோதித்தார்கள். முள்ளிலேயே கிடந்து காய்ப்பேறிய கை. நல்லுக்கண்ணு கிள்ளினார். சுருங்கவில்லை. "மாப்பிள்ளே!" என்று கூப்பிட்டார். அவனை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அவன் திரும்பவில்லை. முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல, மாமா. அங்கதான் அரிக்குது," என்றான் உடையப்பன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ளே யாரும் இல்லை போலிருக்கே," என்றான் காத்தான். பந்தல்காரன், உடையப்பனின் கூட்டாளி.

"டேய் காத்தா, நான் இருக்கேன்டா!"

"இருக்கேன்னு சொல்லுது, பாத்தீங்களா?"

"சொன்னா ஆச்சா?" என்றார் நல்லுக்கண்ணு. "என் வீட்டு ரேடியோகூடத்தான் வணக்கம் சொல்லுது. அதுக்கு நான் பொண்ணு கொடுத்தேனா?"

"மாமா, எனக்கு வலிக்கும் மாமா!"

"வலிக்கும்னு சொல்றது வேற, வலிக்கிறது வேற. நீ சும்மா இரு. உன்னைப் பத்திப் பேசும்போது நீ குறுக்கே பேசக் கூடாது."

உடையப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனக்கு வலிக்கிறது என்பதை அவன் நன்றாக அறிவான். ஆனால் அதை வெளியே எடுத்துக் காட்ட ஒரு வழியும் தெரியவில்லை. ஒதுக்குப்புறமாகப் போய்த் தன்னையே கிள்ளிப் பார்த்தான். வலித்தது. ஓடி வந்து சொன்னான். "சாட்சி யாரு?" என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை முகூர்த்த நேரம் வந்ததும் புதுச் சிக்கல். வலி தெரியாததற்குப் பெண் கொடுக்க முடியாது. முகூர்த்தத்தையும் விட முடியாது. மணையில் உட்கார ஒருவர் வேண்டும், அடிக்க ஒரு மேளமும் வேண்டும். நல்லுக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார். தீர்ப்பு மிகவும் நியாயமாக இருந்தது. வலி தெரிந்தது மணையில் உட்காரட்டும், வலி தெரியாதது மேளமாக இருக்கட்டும்.

தவிலுக்குப் பட்டு வேட்டி சுற்றி, மாலை போட்டு, வெள்ளத்தாயியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, இவ்வளவு குட்டையா இருக்கு?"

"குணம் தங்கம்மா. அடிச்சாலும் திருப்பி அடிக்காது."

"வேலைக்குப் போகுதா?"

"முகூர்த்த நாள் ஒண்ணு விடாம போகுது," என்றார் பக்கிரி.

"என்ன இருந்தாலும் எனக்கு மச்சான்தான் பிடிச்சிருக்கு," என்றாள் வெள்ளத்தாயி. இதைக் கேட்டதும் உடையப்பன் இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிட முன்னே வந்தான். வாயெடுப்பதற்குள் பக்கிரி அவனைக் குப்புறப் போட்டுக் குச்சியால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பொத்தென்று ஒரு சத்தம் வந்தது.

"நாதம் வரலையே?" என்றார் நல்லுக்கண்ணு.

"புது மேளம். பழகப் பழகச் சரியாயிடும்."

தாலியைத் தட்டில் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் தவிலுக்குக் கை இல்லை என்பது தெரிந்தது.

"அதுக்கு எப்பவும் நான்தானே கை," என்று பக்கிரி குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தாலியை எடுத்துக்கொண்டு மணைப்பக்கம் போனார்.

தரையில் குப்புறக் கிடந்த உடையப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தாலி வெள்ளத்தாயியின் கழுத்துக்குக் கிட்டத்தில் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினான்.

"ஐயோ! அவ என் அத்தை மகடா!"

பந்தலில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

"கத்திட்டான்!" என்றாள் வெள்ளத்தாயி.

"அவசரப்படாதே. இப்ப இவனை யாரும் அடிக்கலையே," என்றார் நல்லுக்கண்ணு. "அடிச்சாக் கத்தணும்னுதான் அந்த ஆளு சொன்னாரு. அடிக்காமக் கத்துறது எதுல சேத்தி?"

"ரேடியோதான்," என்றான் காத்தான். "நேத்தே சொன்னீங்களே. இருங்க, நிறுத்திடறேன்." குனிந்து உடையப்பனின் காதைப் பிடித்து ஒரு திருகுத் திருகினான்.

உடையப்பன் சுருங்கினான். காத்தான் பக்கம் திரும்பினான். "ஆ!" என்று கத்தினான்.

பந்தலே எழுந்து நின்றது. நல்லுக்கண்ணு ஓடிவந்து அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்து, கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளே! நீங்க உள்ளேதான் இருக்கீங்களா! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

தவிலிடம் மன்னிப்புக் கேட்டு, மாலையைக் கழற்றாமலே முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மணையில் உடையப்பன் உட்கார்ந்தான். கெட்டிமேளத்துக்கு, அடித்தால் கத்தாத ஒன்றைத் தேடினார்கள். சீர்வரிசையில் ஒரு தலையணை இருந்தது. பக்கிரி அதைப் போட்டு வெளுத்து வாங்கினார். அட்சதைக்கு மேல் பஞ்சு பறந்தது. பஞ்சுக்கு நடுவே உடையப்பன் எப்படியோ கழுத்தைக் கண்டுபிடித்து மூன்று முடிச்சையும் போட்டான்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளத்தாயியிடம் மெதுவாகக் கேட்டான். "ஏன் புள்ள, நேத்து ஊரே சந்தேகப்பட்டுச்சே. உனக்குமா சந்தேகம்?"

"தாலி கட்டும்போது உங்க கை நடுங்குச்சு மச்சான்," என்றாள் அவள். "அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

உடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் எதிர்வரிசையில் ரசத்தைக் கையில் ஏந்தியிருந்த நல்லுக்கண்ணு காதிலும் அது விழுந்துவிட்டது.

"கை நடுங்கணுமா? அதை அந்த ஆளு சொல்லவே இல்லையே!" என்று பதறிக் கையைப் பார்த்தார். அது நடுங்காமல் இருந்தது. பயந்துபோய்த் தானே அதை நடுக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்துக் காத்தான் நடுக்கினான், காத்தானைப் பார்த்துப் பக்கிரி, அப்புறம் பந்தி முழுவதும். அன்றைக்கு எடுத்த கவளம் ஒருவர் வாய்க்கும் போய்ச் சேரவில்லை. எல்லாம் பக்கத்திலிருந்தவர் மேலேயே விழுந்தது. ரசம் சொட்டச் சொட்ட, "உனக்கு இருக்குய்யா!", "உனக்கும் இருக்குய்யா!" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

பரிமாறிக்கொண்டு வந்தவர் கை மட்டும் நடுங்கவில்லை. அவரைப் பிடித்துப் பாத்திரங்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தார்கள்.