கைதாக மறுத்த மூவரும் கைகொடுத்த ஏட்டும்

நொச்சிக்குட்டையில் மூளையைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: மூக்கையா, சின்னாண்டி, பேச்சியப்பன். ஊர்க் குளத்தை மூடி மாடிவீடு கட்ட ஒரு பணக்காரர் புல்டோசர் அனுப்பியபோது, வழிமறிக்க ஊரார் இவர்களைத்தான் அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

ஊரார் அமர்த்திய வக்கீல் சொல்லி அனுப்பினார்: "போலீஸ்மேல கை நீட்டாதீங்க. கைது பண்ணினா ஓரடிகூட நடக்காதீங்க. தூக்கிட்டுத்தான் போகணும்."

மூவரும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு புல்டோசர் முன்னால் படுத்தார்கள். மூக்கையாவின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. கை நீட்டக் கூடாதே! ஈயும் அகிம்சையாகவே உட்கார்ந்திருந்தது.

ஏட்டு துரைக்கண்ணு வந்தார். மற்ற போலீஸாரெல்லாம் மந்திரி பந்தோபஸ்துக்குப் போய்விட்டதால், ஊரில் மிச்சமிருந்த சட்டம் ஒழுங்கு அவர் ஒருவர்தான். அதற்கும் இடுப்புப் பிடிப்பு.

"உங்களைக் கைது பண்றேன். எந்திரிங்க."

"மாட்டோங்க. தூக்குங்க."

"கைதுக்கு முரண்டு பண்றது தனிக் குற்றம், தெரியுமா?"

"தெரியுங்க. அதைப் பண்ணத்தான் வந்திருக்கோம்."

ஏட்டு குனிந்தார். மளுக்கென்று ஒரு சத்தம். குனிந்தவர் நிமிரவில்லை.

"பாவம்யா," என்றான் சின்னாண்டி. "இவரை நம்பினா நம்ம போராட்டம் உருப்படாது. நாமளே தூக்கிட்டா என்ன?"

"நடக்கக் கூடாதுன்னாரே வக்கீல்?" என்றான் மூக்கையா.

பேச்சியப்பன் நெடுநேரம் யோசித்தான். "கைதாகிறவன்தான் நடக்கக் கூடாது. தூக்குறவன் நடக்கலாம்."

இந்தச் சட்ட நுணுக்கத்தில் ஏட்டே அசந்துபோனார்.

இருவரும் மூக்கையாவைத் தூக்கிப் போய் லாக்கப்பில் கிடத்திவிட்டு, திரும்பி வந்து படுத்தார்கள். அடுத்து பேச்சியப்பன் சின்னாண்டியை முதுகில் சுமந்துபோய்ச் சேர்த்தான். பிறகு வந்து தானும் படுத்தான். தூக்க ஆளில்லை.

வேறு வழியின்றி ஏட்டு குனிந்தபடியே போய் லாக்கப்பைத் திறந்து, அவனைத் தூக்க மற்ற இருவரையும் கூட்டிவந்தார். வந்தவர்கள் புல்டோசரைப் பார்த்ததும் கடமை ஞாபகம் வந்து படுத்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து கைது.

நாலு நாள் இப்படியே போனது. புல்டோசர் டிரைவர் குளத்தில் குளித்தார், துணி துவைத்தார், மீன் பிடித்து வறுத்தும் தின்றார். ஐந்தாம் நாள் பணக்காரர் வெறுத்துப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குளம் தப்பியது. மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூவரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கலெக்டருக்கு ஒரு மனு போனது:

"ஐயா, ஆள் பற்றாக்குறையால் எங்களால் கைதை முறையாக எதிர்க்க முடியவில்லை. நல்ல இடுப்புள்ள போலீஸார் நாலு பேரை உடனே அனுப்பி, எங்கள் ஒத்துழையாமைக்கு ஒத்துழைக்க வேண்டுகிறோம்."

மூன்று கைநாட்டு. கீழே, மனுவை எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில், ஏட்டு துரைக்கண்ணுவின் கையெழுத்து.