தலையில் ஊற்றிய பன்னீர்

முன்னொரு காலத்தில் ஆனைமடு நாட்டைத் திருமலைக்கொழுந்து என்றொரு ராசா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல நாக்கு வராது. ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி. கோபம் வந்தாலோ, இடறிவிட்ட படிக்கட்டுக்கும் சவுக்கடி உண்டு. அவருடைய ராணி காய்ச்சலில் செத்துப்போனாள். பாவம், மனுஷர் அன்றிலிருந்து பாதி ஆளாகிவிட்டார்.

அரண்மனைத் தோட்டத்தில் ராணி நட்ட மரம் ஒன்று நின்றது. பார்த்தால் பனை மாதிரி, ஆனால் பனையல்ல. மலைச்சாதி மரம், என்றும் பச்சை. அவள் கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது, இருபது வருஷத்தில் இடுப்பளவுக்குத்தான் அடிமரம் எழும்பியிருந்தது. சாயங்காலமானால் ராசா அதனடியில் போய் உட்கார்ந்துகொள்வார். தோட்டக்கார மாசானத்தோடு நாலு வார்த்தை பேசுவார்.

இது அரண்மனை மணியக்காரர் திருவேங்கடநாதருக்குப் பொறுக்கவில்லை. சபையில் நமக்குக் கிடைக்காத பேச்சு மண்வெட்டிக்காரனுக்கா என்று வயிறெரிந்தார். ராணியின் மரம் தெய்வத்துக்குச் சமானம், தினமும் பாலும் பன்னீரும் அபிஷேகம் செய்யவேண்டும் என்று ராசா காதில் ஓதினார். ராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தம் கையாலேயே குடம் குடமாய் மரத்தின் உச்சியில் ஊற்றினார்.

மாசானம் பதறிப்போனான். அந்த மரத்துக்குக் குருத்து உச்சியில் இருக்கிறது, அங்கே ஈரம் தங்கினால் அழுகிவிடும், மண் காய்ந்தபிறகு வேரில் விட்டால் போதும் என்று கெஞ்சினான். தண்ணீர் ஊற்றாதே என்பவனும் ஒரு தோட்டக்காரனா என்று மணியக்காரர் தூபம் போட்டார். நாற்பதாம் நாள் ஓலையெல்லாம் பழுத்துத் தொங்கியது. மாசானத்தைச் சிறையில் தள்ளினார்கள். அமாவாசைக்குள் மரம் துளிர்க்காவிட்டால் அவன் தலை போகும் என்று உத்தரவு.

மாசானத்தின் பெண்டாட்டி பூவாயி, வாய் கத்தரிக்கோல் மாதிரி. அன்று அந்த வாய் உலர்ந்து கிடந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு விடியும்வரை அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சபைக்குப் போனாள்.

"மகாராசா, என் வீட்டுக்காரர் செஞ்சது தப்புத்தான். அபிஷேகத்தோட அருமை அந்த மனுசனுக்குத் தெரியல. தெரிஞ்சவர் மணியக்கார ஐயா ஒருத்தர்தான். மரத்துக்கே அவ்வளவு நல்லதுன்னா மனுசனுக்கு எவ்வளவு நல்லது! ஏழு நாளைக்கு அதே அபிஷேகத்தை ஐயாவுக்கும் செய்யணும். மரம் மாதிரியே நின்ன இடத்தில நிக்கட்டும், துடைக்கவேண்டாம்."

சபை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. மணியக்காரர் விழித்தார். வேண்டாம் என்றால் அபிஷேகம் கெடுதல் என்று தாமே சொன்னதாகும், வேண்டும் என்றால் தலை நனையும். பல்லைக் காட்டிக்கொண்டு, பாக்கியம் என்றார்.

முதல் நாள் கம்பீரமாய் நின்றார். இரண்டாம் நாள் பால் புளித்து நாறியது, ஈ மொய்த்தது, தும்மல் பிடித்தது. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சலில் பல் கிட்ட, ராசாவின் காலில் விழுந்து, "போதும் மகாராசா, இன்னொரு குடம் ஊத்தினா செத்துருவேன்" என்று கதறினார்.

பூவாயி கைகூப்பினாள். "மூணு நாளுக்கே ஐயா படுத்துட்டார். அந்த மரம் நாப்பது நாளா நிக்குது. ஓடிப்போகக் காலில்ல, போதும்னு சொல்ல வாயில்ல."

ராசாவின் முகம் சுண்டிப்போயிற்று. மணியக்காரரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். தோட்டத்துக்கு எரு சுமக்க அனுப்பினார். மாசானத்தை விடுவித்துத் தாமே சால்வை போர்த்தினார். புருஷனும் பெண்டாட்டியும் ஓடிப்போய் அழுகலைச் சீவிச் சாம்பல் வைத்தார்கள். குருத்து உள்ளுக்குள் கூழாகியிருந்தது. பிழைக்காது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

பின்னாலேயே வந்து நின்ற ராசா, வேண்டியதைக் கேள் என்றார் பூவாயியிடம். ஒன்றும் வேண்டாம், போன உயிர் திரும்பி வந்ததே போதும் என்றாள் அவள். ராசா அந்த அழுகின உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணிக்குக் காய்ச்சல் வந்தப்போ ஏழு வைத்தியர்களை வரவழைச்சேன். நாழிகைக்கு ஒரு கஷாயம் என் கையாலேயே புகட்டினேன். ஜன்னலையெல்லாம் அடைச்சேன். அவளுக்கு வாய் இருந்தது, பூவாயி. போதும், என்னைத் தோட்டத்து வெயில்ல கொண்டுபோய் விடுங்கன்னு தினமும் சொன்னா. நான்தான் கேக்கல."

ஊரையே மடக்கும் பூவாயி, அழுகின மரத்தடியில் உட்கார்ந்து, தன் சொந்த அண்ணன் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல, அந்த ராசாவோடு சேர்ந்து அழுதாள்.

அந்த நாட்டு ராசாவின் கதை இவ்வளவுதான். கெட்டிக்காரத்தனம் ஒரு தலையைக் காப்பாற்றியது. மற்றதை அதனால் காப்பாற்ற முடியவில்லை.