வாத்து எடுத்துக்கொண்ட குடும்பப் படம்

சத்தியம்! தேரிச் செம்மணலில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் வாயில் மண் விழட்டும்.

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் நம்மைப் போலப் பேசித் திரிந்தபோது, தேரிக்காட்டு மணல்மேடுகளுக்கு நடுவே மழைக்கு மழை ஒரு குளம் பிறக்கும். அந்தப் பாலைக்கு அது ஒன்றுதான் தண்ணீர். காட்டு வாத்துகள் வந்து இறங்கும். தங்கப்பழம் என்பவர் கேமராவோடு கரையில் காத்துக் கிடப்பார். அப்போது ஏது கேமரா என்கிறீர்களா? வாத்து பேசியதை நம்பினீர்கள், இதற்கு மட்டும் என்ன?

ஒரு நாள் ஆண் வாத்து ஒன்று கரையேறி வந்தது. அப்போதெல்லாம் அதற்கு வெறும் கறுத்த மூக்குதான்.

"அண்ணாச்சி, என்னையும் ஒண்ணு எடுங்களேன்."

"தனியா நின்னா நல்லாவா இருக்கும்? வீடு, பெண்டாட்டி, பிள்ளைகளோட நில்லும்வே. அதுதான் குடும்பப் படம்."

தாழம்புதருக்குள் அடைகாத்திருந்த பெண் வாத்து சீறியது. "ஒம்ம மூஞ்சிக்குப் படம் ஒண்ணுதான் கொறச்சல்! முட்டை இருக்கிற இடத்தை ஊருக்கே காட்டப் போறீரா?"

"சும்மா கிட. கொஞ்சம் நகர்ந்து உக்காரு, முட்டை தெரியட்டும்."

"தாடையைத் தூக்கும்," என்றார் தங்கப்பழம். வாத்து தூக்கியது. படம் கேமராவுக்குள் இருந்த கண்ணாடித் தகட்டில் விழுந்தது.

தகட்டை மருந்தில் கழுவி மணல்மேட்டில் காய வைப்பார் அவர். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம். வாத்தும் ஆசையாகப் போய்ப் பார்த்தது. தன் முகம் அழகுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் சாய்ந்த பனை, தாழம்புதர், பளிச்சென்று முட்டைகள்! தூரத்து மேட்டிலோ படம் பார்க்க நரி வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, முட்டையை அழிச்சிருங்க!"

"படத்துல விழுந்தது விழுந்ததுதான்வே."

வாத்து தகட்டைத் தூக்கிக்கொண்டு பறக்கப் பார்த்தது, கனத்தில் அது அசையவில்லை. நரி நெருங்கிவிட்டது. வாத்து மூக்கு நிறையச் செம்மணலை அள்ளி, ஈரம் காயாத தகட்டில் பனையும் புதரும் முட்டையும் மறையத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது.

நரி குனிந்து பார்த்தது. "வாத்து லட்சணமாத்தான் இருக்கு. பின்னால என்ன அண்ணாச்சி, பத்தி எரியுது?"

தங்கப்பழம் குளத்தைப் பார்த்தார். வாத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது ஸ்டுடியோ திரைவே," என்றார். நரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டது.

முட்டைகள் தப்பின. ஆனால் தகட்டு மருந்தோடு குழைந்த செம்மண் வாத்தின் மூக்கடியில் இரண்டு பொட்டாக ஒட்டிக்கொண்டது.

"மூக்கைக் கழுவிட்டு வீட்டுக்குள்ள வாரும்," என்றது பெண் வாத்து.

அன்று தொடங்கியதுதான் புள்ளிமூக்கு வாத்தின் சிவப்புப் பொட்டும், தலையைத் தண்ணீருக்குள் விட்டு மூக்கை அலசும் பழக்கமும். இன்றைக்கும் நீங்கள் கேமராவைத் தூக்கினால் படத்தில் விழுவது அதன் வால்தான்.

யார் சொன்னது என்று கேட்டால் என் பேரை எடுத்துவிடாதீர்கள், ஐயா. அந்த நரியின் வம்சம் இன்னும் தேரியில்தான் திரிகிறது.