சாயங்காலத்தைப் பிடித்து வைத்த சுவர்

அந்தக் காலத்தில், நாரைகள் மனிதரோடு சரிக்குச் சரி வம்பளந்துகொண்டிருந்தபோது, சூரியனுக்குத் தன் முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. கடலில் பார்க்கலாம் என்றால் அலை கலைத்துவிடும். கிணற்றில் எட்டிப் பார்ப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும்.

மொராக்கோ தேசத்து வீடுகளும் அப்போது வேறு மாதிரி. உள்ளே இருட்டு, வெறும் சுவர். அலங்காரமெல்லாம் தெருப்பக்கம்தான். எதிர்வீட்டுக்காரன் பச்சை பூசினால் இவன் நீலம் பூசுவான். எதிர்வீட்டுக்காரனுக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

ஃபெஸ் நகரத்தில் ஹம்மாதி என்றொரு மேஸ்திரி இருந்தான். களிமண் ஓட்டைச் சுட்டுக் கண்ணாடி போல மெருகேற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தெருவையே வாயடைக்க வைக்க வேண்டும் என்று, மேற்குப் பார்த்த தன் வீட்டுச் சுவர் முழுக்க ஓடு பதித்தான். இளமை முழுவதும் அந்தச் சுவருக்கே போயிற்று. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே எறும்பு நுழைய வழியில்லை.

கடைசி ஓட்டை வைத்தது ஒரு நோன்பு நாளின் பிற்பகலில். துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். சுவரைக் காணோம். அது இருந்த இடத்தில் ஆகாயம் நின்றது. புதினாக் கட்டு சுமந்துவந்த கழுதை, மேகத்துக்குள் காலை வைப்பதா என்று யோசித்து நின்றுவிட்டது. கூரைமேல் கூடு கட்டியிருந்த வாயாடி நாரைகூட வம்பை மறந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. இதை நானா செய்தேன் என்று ஹம்மாதியே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனும் பார்த்தது. தன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

பொழுது சாயவில்லை. நோன்பு திறக்க வைத்த கொண்டைக்கடலைக் கஞ்சி, சுடவைத்துச் சுடவைத்துக் களியாகிவிட்டது. ஊரார் மேற்கே பார்த்துப் பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு புஷ்தா மட்டும் வந்து, "சுவர் அழகுதான் மேஸ்திரி. கடித்துப் பார்க்கலாமா?" என்றான். ஹம்மாதி காதில் வாங்கவில்லை. சூரியனே நின்று பார்க்கிற வேலை செய்தவனுக்குக் கஞ்சி ஒரு பொருட்டா?

அப்போது அவன் மனைவி இஸ்ஸா கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. சாயங்காலக் குளிர்ச்சி பட்டால் இறங்கும் என்றார்கள். அந்தச் சாயங்காலத்தை நீங்கள் சுவரில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்."

ஹம்மாதி குழந்தையின் காலைத் தொட்டான். சூளையிலிருந்து எடுத்த ஓடு போலச் சுட்டது.

அவன் கெஞ்சியதன் பேரில் நாரை சூரியனிடம் தூது போயிற்று. திரும்பும்போது இறக்கை நுனியெல்லாம் கருகியிருந்தது. "எல்லோரையும் நான் பார்க்கிறேன், என்னை ஒருவரும் நேராகப் பார்த்ததில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது," என்றது. அதுதான் நாரை கடைசியாகப் பேசியது. அங்கே கண்டதைச் சொல்ல அதற்குப் பிறகு அதனிடம் வார்த்தையில்லை.

ஹம்மாதி சுத்தியலை எடுத்தான். சுவரில் சூரியன் தெரிந்தது. அதன் கீழே, கடுகளவாக, அவனும் தெரிந்தான். கண்ணை மூடாமல் அடித்தான். ஒவ்வோர் ஓடாக, ஒன்று மிச்சமில்லாமல்.

சூரியன் தன் முகத்தைத் தேடியது. ஒரு சில்லில் நெற்றி, ஒரு சில்லில் கன்னம், வேறொன்றில் வெறும் ஒளி. கனவு கலைந்தாற்போல் விழித்து, நேரமாகிவிட்டதென்று மலைக்குப் பின்னால் விழுந்தடித்து ஓடிற்று. காற்று வந்தது. குழந்தைக்கு வேர்த்தது, பிறகு பாலுக்கு அழுதது. தெருவில் கரண்டிச் சத்தம் கேட்டது.

சில்லுகளின் மேல் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள் இஸ்ஸா. மடி நிறைய அவற்றை அள்ளிக்கொண்டு, "வெளியே இருந்தால்தானே வம்பு. உள்ளே கொண்டுவாருங்கள்," என்றாள்.

அவன் சில்லுகளை நட்சத்திரமாகக் கொத்தினான். ஒரு முகம் தெரியுமளவு பெரிதாக ஒன்றையும் விடவில்லை. முற்றத்தைச் சுற்றி உள்சுவரெல்லாம் பதித்தான். தெருச் சுவருக்குச் சேறு பூசினான். சூரியன் கண்ணில் படாதிருக்க முற்றத்துக்குக் கூரை போடப் போனபோது இஸ்ஸா தடுத்தாள். "பாவம், அதுவும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகட்டும்."

வேலை முடிந்த மறுநாள் உச்சியில் சூரியன் எட்டிப் பார்த்தது. மறுபடி நின்றுவிடுமோ என்று ஹம்மாதி கையில் சுத்தியலோடு காத்து நின்றான். வெளிச்சம் சுவர் வழியாக இறங்கியது. ஒவ்வொரு நட்சத்திரமாகப் பற்றிக்கொண்டது. பகலிலேயே ஓர் இரவு வானம் வீட்டுக்குள் விழித்தது. வெளிச்சம் தரைக்கு வந்து, குழந்தையின் பாதத்தைத் தொட்டது. அங்கே சற்றுத் தயங்கியது. பிறகு மெல்ல நகர்ந்து போய்விட்டது. சுத்தியல் அவன் கையிலிருந்து தானாக நழுவியது.

நம்பாதவர்கள் நாரையைக் கேட்கலாம். இறக்கை நுனி இன்னும் கறுப்புதான். வாய் திறந்தால் அலகு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அன்று முதல்தான் அந்த ஊர் மேஸ்திரிகள் பழுதில்லாத ஓட்டைச் சுட்டெடுத்துத் தங்கள் கையாலேயே உடைக்கிறார்கள். வீடுகளும் தெருவுக்கு மண்ணைக் காட்டிவிட்டு, நட்சத்திரங்களை உள்ளே வைத்துக்கொண்டு, சூரியன் கடந்துபோக வானத்தைத் திறந்து வைத்திருக்கின்றன.