எப்பவும் போற ஏரி

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம். அரசனின் பெயர் மறந்துவிட்டது. நாட்டின் பெயரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆகவே முன்னொரு காலத்தில் என்றே தொடங்குகிறேன். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. களஞ்சியத்தில் நெல் பாதிக்கு இறங்கிவிட்டது. அரண்மனையில் யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. மடைப்பள்ளியில்கூடப் பேச்சில்லாமல் வேலை நடந்தது. அந்த அமைதி அரசனை உறுத்தியது. உழைப்பவர்களைக் கொஞ்சம் மகிழ்விக்கலாம் என்று நினைத்தான்.

"உடைந்து கிடந்த பெரிய ஏரிக்கரையை நாற்பதே நாளில் கட்டி முடித்தவருக்கு நம் பொற்கடகத்தை அணிவிப்போம்" என்று சபையில் அறிவித்தான்.

அமைச்சர் வீழிநாதர் உடனே எழுந்தார். "அடியேன் நாற்பது நாளும் பல்லக்கில் போய், நேரில் நின்று செய்வித்த பணி, அரசே. வேலை முடிந்துவிட்டதால் மண் சுமந்த முப்பது பேரையும் அனுப்பிவிடலாம். ஓலை இதோ. தங்கள் முத்திரைதான் பாக்கி."

"கடகம் அணிவித்த கையோடு முத்திரையும் இடுவோம்" என்றான் அரசன்.

அமைச்சருக்கு அரசவை விகடன் சாத்தப்பனைக் கண்டால் ஆகாது. "என் புகழைச் சாத்தப்பனே கட்டியம் கூறட்டும். அதில் ஒரு சொல் பொய்யானாலும் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். அரசனும் அப்படியே ஆகட்டும் என்றான்.

கட்டியம் கூறினால் பொய்யாகும். மறுத்தால் ஆணையை மீறியதாகும். அமைச்சரின் பல்லக்குத் தூக்கிகளின் கால்களில் அந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட ஏரிக் களிமண் ஒட்டியிருந்ததைச் சாத்தப்பன் பார்த்ததில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"கூறுகிறேன், அரசே. ஆனால் பொய் கலக்கக் கூடாது என்றால், அமைச்சர் பணி செய்த இடத்திலேயே நின்று கூறவேண்டும். நாற்பது நாளும் அவரைச் சுமந்து போன இடத்துக்கே நம்மையும் அழைத்துப் போகும்படி தூக்கிகளுக்குத் தாங்களே ஆணையிட வேண்டும்."

அரசன் அப்படியே ஆணையிட்டான். தூக்கிகள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதே எடத்துக்குங்களா, மகாராசா?"

"அதே இடத்துக்கு."

அமைச்சரின் பல்லக்கு முன்னே போக, அரசனும் சாத்தப்பனும் குதிரைகளில் பின்தொடர்ந்தார்கள். தெருமுனையில் அமைச்சர் திரையை விலக்கி, "டேய், ஏரிக்குப் போங்கடா!" என்று பல்லைக் கடித்தார்.

"ஏரிக்குத்தாஞ் சாமி போறோம். எப்பவும் போற ஏரிக்கு."

பல்லக்கு மேற்கே ஏரிப் பாதையில் திரும்பவில்லை. கிழக்கே திரும்பி, மூன்றாம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் இறங்கியது. உள்ளேயிருந்து கையில் கரண்டியோடு அமைச்சரின் மாமியார் வந்தாள்.

"வாங்க மாப்ளே! இன்னிக்கு என்ன இவ்வளவு நேரம்? சுரக்கா கூட்டு ஆறிப்போச்சு. கட்டிலை வேப்பமரத்து நெழல்லயே போட்டு வெச்சிருக்கேன்..." அப்போதுதான் அவள் பின்னால் நின்ற அரசனைக் கண்டாள். கரண்டி கீழே விழுந்தது.

சாத்தப்பன் குதிரையை விட்டு இறங்கி, கட்டியக்காரனைப் போல நிமிர்ந்து நின்றான்.

"பராக்! பராக்! நாற்பது நாளில் ஒருநாளும் தவறாதவர்! இட்ட இலையில் மிச்சம் வைக்காதவர்! கட்டில் குழியும்வரை இடம்விட்டு அசையாதவர்! அமைச்சர் வீழிநாதர் பராக்!" பிறகு கிழவியிடம் திரும்பினான். "இதில் ஏதாவது பொய் உண்டா, அம்மா?"

"பொய் ஏது தம்பி? மிச்சம் வைக்கிறதாவது! ரெண்டாந்தரம் கேட்டு வாங்கில்ல சாப்பிடுவாக!"

அமைச்சர் பல்லக்கை விட்டு இறங்கவில்லை. வேப்பம்பழம் ஒன்று கட்டிலில் விழுந்த ஓசைகூடக் கேட்டது. பிறகு அரசன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"சரி, கரையைக் கட்டியது யார்?"

"வாருங்கள், அரசே. அந்த ஏரிக்கு எனக்கு வழி தெரியும்."

கட்டி முடித்த கரையில் முப்பது பேர் இன்னும் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓலையைப் பற்றிய செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது. இருந்தும் வேலை நிற்கவில்லை. சாத்தப்பன் இங்கே கட்டியம் கூறவில்லை. "இவர்களின் பெயரைக் கேளுங்கள், அது போதும்" என்று மட்டும் சொன்னான். அரசன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டான். கூட்டத்துக்குத் தலைவியான நல்லக்காளிடம் வந்ததும் கடகத்தை நீட்டினான்.

அவள் கையை நீட்டவில்லை. "இது கெடக்கட்டும் சாமி. மழை வராட்டி எங்களைத் தொரத்திருவீகளா? அதை மட்டும் சொல்லுங்க."

அரசன் வானத்தைப் பார்த்தான். ஒரு மேகமும் இல்லை.

"மழை வருமா என்று எனக்குத் தெரியாது. உங்களை அனுப்ப மாட்டேன். இருப்பது பாதி என்றால் எனக்கும் பாதி இலைதான்."

முத்திரை இடாத ஓலையை அவள் முன்னாலேயே கிழித்தான். அதன் பிறகுதான் அவள் கையை நீட்டினாள். அரசன் தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சாத்தப்பனுக்குப் போர்த்திவிட்டு, "நீ நாட்டை விட்டுப் போக வேண்டாம்" என்று மறுபடியும் சிரித்தான்.

அந்த ஆண்டு மழை பிந்தி வந்தது, குறைவாக வந்தது. கரை தாங்கியது. முப்பது பேரும் வேலையில் இருந்தார்கள். கடகத்தை ஆளுக்கு ஒருநாள் என்று முறை வைத்து அணிந்தார்கள். அரசன் அறுவடைவரை பாதி வயிறு சாப்பிட்டான். வீழிநாதர் பதவியில் நீடித்தார். ஆனால் நாற்பது நாள் நடந்தே போய்க் கரையில் மண் சுமந்தார். அவருடைய மாமியார் சுரைக்காய்க் கூட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். பல்லக்குத் தூக்கிகளின் தோள்கள் ஆறின.