கடைவாய்ப்பல்லில் கால் பங்கு

கீழப்புளியடி பேண்டு செட்டில் ஆள் நாலு, சட்டம் ஒன்று. எது வந்தாலும் நாலு சமபங்கு. கல்யாண வீட்டில் கூலி தந்தால் நாலு பங்கு, லட்டு ஒன்றே ஒன்று தந்தாலும் நாலு பங்கு. ஒருமுறை நாய் துரத்தியபோது, ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று முறைவைத்து ஓடினார்கள். நாய்க்குத்தான் அந்த ஏற்பாடு புரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை, டிரம்பெட் ஊதும் சவரியப்பனுக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. கன்னம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. ஞாயிறு காலை மாப்பிள்ளை ஊர்வலம். பெண்ணின் அப்பா முன்பணம் கொடுக்கும்போதே, "டிரம்பெட் சத்தம் கேட்கலேன்னா பாக்கி கிடையாது, கொடுத்ததும் திரும்பி வந்தாகணும்" என்று சொல்லியிருந்தார். முன்பணம் அன்றே நாலு பங்காகி, நாலு வீட்டில் அரிசியாகி, வெந்தும் போயிருந்தது.

நாலு பேரும் டவுன் பஸ் ஏறினார்கள். பல் ஆஸ்பத்திரி வாசலில் கட்டணப் பலகை. பெரிய டிரம் அடிக்கும் மாசிலாமணி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"முதல் முறை பார்க்க இருநூறு ரூபாய். பத்து நாளுக்குள் மறுமுறை வந்தால் இலவசம். பல் எடுக்க ஐந்நூறு."

ஜால்ரா போடும் பிச்சைக்கனி வெகுநேரம் யோசித்தார். "மறுமுறை இலவசம்னு போட்டிருக்கையில, முதல் முறைக்கு ஏன்வே இத்தனை கூட்டம்?"

"படிச்சவனுக்குப் பணத்தோட அருமை தெரியாதுவே," என்றார் மாசிலாமணி. "நாம நேரா மறுமுறைக்கே போவோம்."

உள்ளே சீட்டு எழுதும் ஜெசிந்தா, "முதல் முறையா, மறுமுறையா?" என்றாள்.

"மறுமுறை."

"முதல் முறை எப்ப வந்தீங்க?"

"அதை விட்டுட்டோம் தாயி. கட்டுப்படியாகலை."

முதல் முறை வராதவர்களுக்கு மறுமுறை கிடையாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். ஆளுக்கு ஐம்பது போட்டுக் கட்டினார்கள். பெயர் கேட்டாள். நாலு பெயர் சொன்னார்கள். ஒன்று போதும் என்றாள்.

"அப்ப மூணு பேர் காசு ரசீதில ஏறாதா?" என்ற சைடு டிரம் கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெசிந்தா நாலு பெயரையும் எழுதினாள்.

டாக்டரம்மா விளக்கைப் போட்டு சவரியப்பனின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மாசிலாமணி, "எந்திரியும்வே, உம்ம அம்பது ரூவா முடிஞ்சிட்டு" என்று அவரை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு, தான் ஏறி வாயைத் திறந்தார்.

"உங்களுக்கு என்ன?"

"பல்லு அவரோடது டாக்டரம்மா. வலி செட்டோடது."

டாக்டரம்மா மூன்று பேரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மிச்சமிருந்தவரின் பல்லை எடுத்தார். நல்லவேளையாக அது சவரியப்பன். பல்லுக்கு ஆளுக்கு நூற்றிருபத்தைந்து ரூபாய் கட்டினார்கள்.

"பஞ்சை அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். மூணு நாளைக்கு எதையும் ஊதக்கூடாது," என்று சொல்லி அனுப்பினார்.

பஞ்சு பெரிய பிரச்சினையாக இல்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அதை நாலாகப் பிய்த்து, ஆளுக்கு ஏழரை நிமிஷம் கடித்தார்கள். ரத்தம் மட்டும் பங்கு பிரியாமல் முழுக்கச் சவரியப்பனுக்கே வந்தது. அவருக்கு யோகம் என்றார்கள்.

மூன்று நாள் ஊதக்கூடாது என்றதுதான் இடித்தது. "ஞாயித்துக்கிழமை ஊதணுமேவே!" என்று சவரியப்பன் அழாத குறை.

"பதறாதயும்," என்றார் பிச்சைக்கனி. "மூணு நாளுன்னா எழுபத்திரண்டு மணி நேரம். நாலாப் பிரிச்சா ஆளுக்குப் பதினெட்டு. நாளை மத்தியானம் முடிஞ்சிரும்."

எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள். மாசிலாமணி கொதிக்கும் காப்பியைக்கூட ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பிச்சைக்கனியின் மனைவி அடுப்பை ஊதச் சொன்னாள். அவர் மாட்டேன் என்று பதினெட்டு மணி நேரம் பட்டினி கிடந்தார்.

ஞாயிறு காலை சவரியப்பன் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். வந்தது காற்றும் ரத்தமும்தான். பெண்ணின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கொடும்வே இங்க," என்றார் மாசிலாமணி. "வாய் என்னோடது, விரல் உம்மோடது."

டிரம்பெட் சத்தம் கேட்க வேண்டும் என்றுதானே பேச்சு? மூன்று தெருவுக்குக் கேட்டது. மாப்பிள்ளை ஏறிவந்த குதிரை, அவரையும் சுமந்துகொண்டு, பெண் வீட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஊதுவதை நிறுத்தினால் போதும் என்று பெண்ணின் அப்பா நடுரோட்டில் நின்று பாக்கியை எண்ணிக் கொடுத்தார்.

திங்கள்கிழமை நாலு பேரும் மறுமுறைக்கு வந்தார்கள். இப்போது வீங்கியிருந்தது மாசிலாமணியின் கன்னம்.

"பங்கு எனக்கு மாறிட்டு டாக்டரம்மா. அதே வலிதான். பல்லெடுத்த காசு போன வாரமே கட்டியாச்சு," என்று ரசீதில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

டாக்டரம்மா பார்த்தார். பல்லில் ஒன்றுமில்லை. பழக்கமில்லாமல் ஊதியதில் தாடை பிடித்திருந்தது. "ரெண்டு நாள்ல சரியாயிடும். காசு வேண்டாம், இலவசம். தயவுபண்ணிக் கிளம்புங்க."

மத்தியானம் ஜெசிந்தா கதவைப் பூட்ட வந்தாள். நாலு பேரும் பெஞ்சில் தலையோடு தலை முட்டக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகத்தின் கண் மறுபடி கலங்கியிருந்தது.

"அதான் இலவசம்னு சொல்லியாச்சே, இன்னும் என்னங்க?"

"பொறு தாயி," என்றார் பிச்சைக்கனி. "அந்த இலவசத்தைத்தான் நாலாப் பிரிச்சுக்கிட்டிருக்கோம். எப்படிப் பிரிச்சாலும் இவருக்குக் கொஞ்சம் குறையுது."