குடைக்கு அந்தப் பக்கம் பார்த்தினான்

மூன்று பேர் கோடைக்காலத்தில் ஏதென்ஸைப் பார்க்கப் போனார்கள். மூவருமே பட்டதாரிகள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படிக்காதவர்களால் இவ்வளவு நேர்த்தியாகத் தவறு செய்ய முடியாது.

மங்களேஸ்வரி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். வருடா வருடம் கிரேக்கப் பாடம் வந்ததும் கரும்பலகையில் பார்த்தினான் கோயிலை வரைவாள். முகப்பில் எட்டுத் தூண். கடைசித் தூணை முடிக்கும்போது மணி அடிக்கும். கணக்கு டீச்சர் உள்ளே வந்து, தூண்களைத் துடைத்துவிட்டு அல்ஜீப்ரா போடுவாள். பீரங்கிக் குண்டு விழுந்தும் மிச்சம் நின்ற கோயில், மங்களேஸ்வரியின் வகுப்பில் ஒரு பீரியடுக்கு மேல் நின்றதில்லை.

அதை ஒரு தரம் நேரில் பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையிடம் அவள் கேட்டது அவ்வளவுதான். வாழ்க்கைக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தங்கை மகன் செந்தூரனின் வீட்டுக்கு, தங்கை குணவதியோடும் தங்கை புருஷன் சங்கரலிங்கத்தோடும் அவள் போயிருந்தாள். பெரியம்மாவின் ஆசை தெரிந்த பையன், மூவருக்கும் ஏதென்ஸுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். மூன்று நாள் பயணம்.

விமானத்தில் மங்களேஸ்வரி சட்டம் போட்டாள்.

"இங்க பாரு குணா. அந்த ஊர்ல எந்தத் தெருவுல நின்னாலும் குன்று மேல அந்தக் கோயில் தெரியுமாம். காப்பிக் கடையில, பஸ் ஜன்னல்ல, கண்ட இடத்துல பாத்துக் கெடுத்துக்கக் கூடாது. அதோட வாசல்ல போய் நிக்கிற வரைக்கும் என் கண்ணுல படவிடாத. நானே கெஞ்சினாலும் விடாத."

"சரிக்கா," என்ற குணவதி கைப்பையிலிருந்து கறுப்புக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா சொன்னதை இதுவரை அவள் மீறியதில்லை. அவளுடைய கல்யாணம்கூட அப்படி நடந்ததுதான்.

மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்த சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். "மைனி பாக்கதுக்கு முந்தி நாங்க பாத்தா நல்லாவா இருக்கும்?"

"மரியாதையா இருக்காது," என்றாள் குணவதி.

ஆகவே மூன்று பேரும் பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. குனிந்த தலையோடு ஏதென்ஸுக்குள் நுழைந்தார்கள். அந்த ஊரின் நடைபாதைகளை அவர்கள் அளவுக்குப் பார்த்தவர்கள் இருக்க முடியாது.

மறுநாள் காலை ஓட்டல்காரி, மொட்டை மாடியில் கோயில் நன்றாகத் தெரிகிற மேஜையாகப் பார்த்துக் கொடுத்தாள். மூவரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி ரொட்டி தின்றார்கள்.

"நம்ம ஊர்த் தொட்டி மாதிரியேல்லா இருக்கு," என்று சங்கரலிங்கம் ரசித்தார். ஓட்டல்காரி குழம்பிப்போய்த் தானும் ஒரு தரம் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டாக்ஸி அவர்களைக் குன்றின் அடிவாரத்தில், டிக்கெட் வரிசைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. நல்ல வெயில். அந்த நேரம் பார்த்து செந்தூரன் போன் செய்தான். "அம்மா, இன்னைக்கு அங்க சூடு ரொம்ப அதிகம். பெரியம்மாவை வெயில்ல நிக்க விடாதீங்க."

போனை வைத்ததும் ஆலோசனை நடந்தது.

"வரிசையில நிக்கணுமே. அவன் நிக்கக் கூடாதுன்னு சொல்லுதானே?" என்றாள் குணவதி.

"நிக்கத்தான் கூடாதுன்னான். நடக்கக் கூடாதுன்னு சொல்லலையே," என்றார் சங்கரலிங்கம்.

மங்களேஸ்வரிக்கு இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. மூவரும் வரிசையை விடாமல், ஓர் ஒலிவ மரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் நின்ற ஜப்பான்காரர்கள் வரிசை அப்படித்தான் போகிறது போலிருக்கிறது என்று கூடவே நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நடந்தது. கொஞ்ச நேரத்தில், முதல் ஆளாக நடந்த சங்கரலிங்கத்துக்கு முன்னால் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். அவர்தான் வரிசையின் கடைசி ஆள் என்று எல்லோரும் நம்பினார்கள், அவர் உட்பட.

டிக்கெட் கொடுப்பவன் வெளியே வந்து பார்த்தான். தலையும் வாலும் இல்லாத ஒரு வரிசை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் தாங்க முடியாததால் இன்றைக்கு இதோடு மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டு நிழலுக்குப் போனான்.

"பிரதட்சிணம் நல்லபடியா முடிஞ்சுது. தரிசனம் நாளைக்கு," என்றாள் மங்களேஸ்வரி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள்.

கடைசி நாள், வெயில் தாழ்ந்ததும் நடந்தே போவதென்று கிளம்பினார்கள். ஓட்டல்காரி வழி சொன்னாள்: "ரொம்பச் சுலபம். ஏற்றமாக இருக்கிற பக்கம் ஏறிக்கொண்டே போங்கள். நிமிர்ந்து பார்த்தால் தெரியும்."

நிமிர்வதற்குத்தான் தடை இருந்ததே. ஆகவே முதல் பாதியை மட்டும் கடைப்பிடித்தார்கள். தெரு எந்தப் பக்கம் ஏறியதோ அந்தப் பக்கம் ஏறினார்கள். தெருக்கள் படிகளாயின. படிகளின் நடுவில் பைன் மரங்கள் வந்தன. மங்களேஸ்வரிக்கு மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. அவளோ மனசுக்குள் தூண்களை எண்ணிக்கொண்டு ஏறினாள். உச்சிக்குச் சற்றுக் கீழே மூவரும் செருப்பைக் கழற்றி ஓர் ஓரமாக வைத்தார்கள். கல் சுட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"வாசலுக்கு வந்தாச்சுக்கா. கண்ணைத் திறங்க."

எதிரே சின்னதாக, சுண்ணாம்பு அடித்த மாதா கோயில் ஒன்று நின்றது.

"நல்லா வெள்ளை அடிச்சிருக்காவ," என்றார் சங்கரலிங்கம்.

"இப்பத்தான் கும்பாபிஷேகம் ஆயிருக்கும்," என்றாள் குணவதி.

"தூணு?"

"அத்தனை வருஷமாச்சுல்லா. உதிர்ந்திருக்கும்," என்றார் சங்கரலிங்கம்.

"எட்டும் உதிருமா?" என்று மங்களேஸ்வரி கேட்டாள். அல்ஜீப்ராக்காரி இங்கேயும் வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

அங்கே எலுமிச்சைச் சாறு விற்ற பெரியவரிடம் ஆங்கிலத்தில் விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டு அவளுடைய முதுகுப் பக்கம் கையை நீட்டினார். "பார்த்தினானா? இது வேறு குன்று அம்மா. அதோ, அங்கே! திரும்பிப் பாருங்கள். இந்த வெளிச்சத்தில் பொன் மாதிரி இருக்கும்."

மங்களேஸ்வரி திரும்பினாள்.

படீரென்று குடை விரிந்தது.

"பாக்காதீங்கக்கா! நாம அங்க வாசல்ல நிக்கலையே!"

"குணா, நாளைக்கு விடிஞ்சா பிளேன். குடையை எடு."

"மாட்டேன்."

"ஒரே ஒரு பார்வைட்டி."

"நானே கெஞ்சினாலும் விடாதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்காக இப்படியா?"

"இதுக்குப் பேருதான்க்கா கெஞ்சுறது."

சங்கரலிங்கம் யோசித்துவிட்டு, பெண்டாட்டி சொல்வதுதான் நியாயம் என்றார். தானும் பார்த்துவிடாதபடி அவர் குடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். மங்களேஸ்வரி சட்டத்தை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். அது அவள் போட்ட சட்டம். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. குடைத் துணியின் நெசவு வழியாக அந்தி வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சைச் சாற்றைக் குடித்தாள். இறங்கி வந்தபோது செருப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை விமானம் கிளம்பி ஊரை ஒரு வட்டம் அடித்தது. ஜன்னல் இருக்கை மங்களேஸ்வரிக்கு. கண்ணில் நீர் முட்ட, கீழே போகிற கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானி குரல் கொடுத்தார்: "இடது பக்கம் இருப்பவர்கள் இப்போது கீழே பாருங்கள். பார்த்தினான் கோயில் மிகத் தெளிவாகத் தெரிகிறது."

படீர்.

பணிப்பெண் ஓடி வந்தாள். விமானத்துக்குள் குடை விரிக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் சொன்னாள். குணவதி அசையவில்லை. விமானம் கடலுக்கு மேல் வந்தபிறகுதான் குடையை மடக்கினாள்.

மங்களேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையின் கையைப் பிடித்தாள்.

"நல்ல வேளை குணா," என்றாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு, இன்னும் கொஞ்சத்துல பாத்துத் தொலைச்சிருப்பேன்."